பள்ளிக்கூடத்துக்குள் வந்த கொட்டு: கானாவிலிருந்து சில குறிப்புகள்

1933-இல், அன்றைக்கு கோல்ட் கோஸ்ட் என்று பெயர் கொண்டிருந்த இன்றைய கானாவில், அக்ரோபாங் என்ற ஊரின் பிரெஸ்பிட்டேரியன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஓர் இசை ஆசிரியர் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். பெயர் எஃபிரைம் அமு. என்ன குற்றம்? 1931-இல் கோட்டும் சூட்டும் போடாமல், உள்ளூர் முறைப்படி துணியைப் போர்த்திக்கொண்டு பிரசங்க மேடையில் ஏறினார். கல்லூரிக்குள் உள்ளூர் வாத்தியங்களைக் கொண்டுவந்தார். சபைப் பாட்டை உள்ளூர் மெட்டில் எழுதினார். அவ்வளவுதான்.

இன்று யூடியூபில் தேடிப் பாருங்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அதே கானா நாட்டுக் கொட்டை அடித்துப் பாடுகிற காணொளிகள் வந்து விழும். ஒரு பிள்ளை இரும்பு மணியைத் தட்டும், இன்னொன்று சுரைக்குடுவையைக் குலுக்கும், நாலைந்து பேர் முழவு அடிப்பார்கள், டீச்சர் ஒரு வரி பாட வகுப்பே திருப்பிப் பாடும். பாடத்திட்டத்தில் இருக்கிறது, மதிப்பெண்ணும் உண்டு.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் நடந்ததுதான் இந்தக் குறிப்பு. பொதுவாக இதை 'உலக இசை பள்ளிக்குள் நுழைந்தது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் கொட்டு பள்ளிக்குள் நுழைந்ததற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்தே வராதவை.

முதலில் தடை எப்படி வந்தது என்று பார்ப்போம். பாசெல் மிஷன் 1828-இல் கோல்ட் கோஸ்ட்டுக்கு வந்தது, 1835-இல் அக்ரோபாங்குக்கு மேலேறியது. 1848-இல் அங்கே போதகர்களையும் உபதேசிமார்களையும் உருவாக்கும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். கிறிஸ்தவம் ஏற்றவர்கள் பழைய ஊரைவிட்டுத் தள்ளி 'சேலம்' என்ற தனித் தெருவில் குடியிருக்க வேண்டும். அங்கே கொட்டு கூடாது, ஆட்டம் கூடாது. மிஷனரிகளின் கணக்கில் இதற்கு நியாயம் இருந்தது: அக்கான் ஊர்களில் கொட்டு என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. அரசவை, இழவு, தெய்வம், போர்க் குழு எல்லாவற்றிலும் அது கலந்திருந்தது. கொட்டை விட்டால் மற்றதையும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார்கள்.

அதுமட்டுமில்லை, அங்கே கொட்டு பேசும். இது உவமை இல்லை. அக்கான் மக்களின் ட்வி மொழியில் ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். 'அட்டும்பான்' என்பது ஒன்று மேல் சுதி, ஒன்று கீழ் சுதி என்று ஜோடியாக நிற்கும் பெரிய முழவு. பேச்சின் ஏற்ற இறக்கத்தை அதில் அப்படியே அடித்தால், மொழி தெரிந்தவருக்கு வாக்கியம் கேட்கும். தலைவரின் முன்னோர் பெயரும் பட்டமும் அதில்தான் சொல்லப்படும். அடிக்கிறவர் வரலாற்று அறிஞர் மாதிரி.

இந்த இடத்தில்தான் அமுவின் கோபம் புரியும். அவர் 1899-இல் பெக்கி என்ற எவே ஊரில் பிறந்தவர். எவே மொழியும் இப்படித்தான், ஏற்ற இறக்கத்தில் பொருள் மாறும். மிஷன்காரர்கள் ஜெர்மன் ஞானப்பாட்டுகளின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு வார்த்தையை மட்டும் மொழிபெயர்த்தார்கள். மெட்டு மேலே போகிற இடத்தில் சொல் கீழே போக வேண்டியிருக்கும். பாடினால் பொருள் சிதைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் சபையே கூடி என்ன பாடுகிறோம் என்று தெரியாமல் பாடியது. அமு செய்தது மொழியின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும் மெட்டும், அதற்கு ஏற்ற நடையும். அவருடைய 25 ட்வி பாடல்கள் 1932-இல் லண்டனில் புத்தகமாக வந்தன. மறு வருஷம் வேலை போனது.

போன இடம் அச்சிமோட்டா. அக்ரா நகரத்துக்கு வெளியே 1927-இல் திறந்த அரசுக் கல்லூரி அது. கவர்னர் குக்கிஸ்பெர்க், பாதிரியார் ஃப்ரேஸர், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய குவேகிர் அக்ரே மூன்று பேரும் சேர்ந்து உருவாக்கியது. அதன் சின்னம் பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகள். வெள்ளைக் கட்டையில் மட்டும் ஒரு மெட்டு வாசிக்கலாம், கறுப்பில் மட்டும் வாசிக்கலாம், இசைவு வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும் என்பது அக்ரே சொல்லிவந்த கருத்து. அழகான கருத்துதான், ஆனால் உவமைக்குக் கிடைத்தது ஐரோப்பிய வாத்தியம் என்பதையும் கவனிக்கத்தான் வேண்டும். இருந்தாலும் அச்சிமோட்டாவில் மாணவர்கள் தங்கள் ஊர்க் கொட்டை அடிக்க முடிந்தது. அமு அங்கே 'அட்டென்டெபென்' என்ற மூங்கில் குழலைத் திருத்தியமைத்து மாணவர்களுக்குப் பழக்கினார். 1938 முதல் இன்னொரு எவேக்காரர், ஃபிலிப் பெஹோ, அங்கே இசை ஆசிரியராக இருந்தார். 1957-இல் கானாவின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவர் இவர்தான்.

மூன்றாவது ஆள் குவாபெனா நிகேத்தியா. 1921-இல் அசாந்தி மாம்பாங்கில் பிறந்தவர். படித்தது அமுவை அனுப்பிவிட்ட அதே அக்ரோபாங் கல்லூரியில், அமு போன பிறகு. ஆனால் அமுவின் பாட்டுகள் காற்றில் இருந்தன. நிகேத்தியா 1944-இல் லண்டன் போனார், 1958-இல் அமெரிக்கா போனார். திரும்பி வந்து லெகானில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தை எடுத்து நடத்தினார். 1963-இல் வந்த அவருடைய அக்கான் முழவுகள் பற்றிய புத்தகமும், 1974-இல் வந்த 'தி மியூசிக் ஆஃப் ஆப்பிரிக்கா'வும் இன்றைக்கும் ஆசிரியர்கள் கையில் எடுப்பவை. 1962-இல் கானா நடனக் குழு தொடங்கியபோது மாவெரே ஒப்போக்குவும் இவரும் சேர்ந்து ஊர்ப்புறத்துக் கலைஞர்களைப் பல்கலைக்கழகத்துக்கே அழைத்து வந்தார்கள். பட்டம் இல்லாத ஒரு முழவுக்காரர் பட்டதாரிகளுக்கு ஆசிரியராக நிற்க முடிந்தது. மிஷன் பள்ளி ஒரு நூற்றாண்டாகச் சொல்லிவந்ததற்கு இதுதான் நேரடிப் பதில்.

ஆக, கானாவில் கொட்டு பள்ளிக்குள் வந்த காரணம் இது: அது உயர்ந்த கலை, கடினமான கலை, நம்முடையது.

இப்போது ஐரோப்பாப் பக்கம் போவோம். அங்கே காரணம் நேர்மாறு.

1924-இல் மியூனிக்கில் டோரோதே குந்தர் என்பவர் உடற்பயிற்சி, இசை, நடனம் சேர்ந்த ஒரு பள்ளி தொடங்கினார். இசைக்குப் பொறுப்பு கார்ல் ஓர்ஃப். அவரோடு சேர்ந்து உண்மையில் பாதிக்கு மேல் வேலை செய்தவர் குனில்ட் கேட்மன் என்ற பெண் (வழக்கம்போல அவர் பெயர் அட்டையில் சின்ன எழுத்தில்தான் வரும்). கேமரூனிலிருந்து வந்திருந்த ஒரு மரக்கட்டை வாத்தியத்தைப் பார்த்து, அதே மாதிரியில் கார்ல் மேண்ட்லர் என்ற வாத்தியக் கைவினைஞரைச் செய்யச் சொன்னார் ஓர்ஃப். இன்று உலகம் முழுக்கப் பள்ளிகளில் இருக்கும் அந்தச் சின்ன சைலோஃபோன்களின் வம்சம் இப்படித் தொடங்கியது. 1948-இல் பவேரிய வானொலியில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி, 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிப் புத்தகம், 1961-இல் சால்ஸ்பர்க்கில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் என்று அது பெரிதாக வளர்ந்தது.

ஓர்ஃபின் அடிப்படை நம்பிக்கை என்ன? மனித இனம் எந்த வரிசையில் இசையைக் கண்டுபிடித்ததோ, ஒரு குழந்தையும் அதே வரிசையில் கற்கும். முதலில் தாளம், பிறகு மெட்டு, அதற்கப்புறம்தான் மற்றது. தாளக் கருவி ஆதியானது, ஆகவே எளியது, ஆகவே குழந்தைக்கு ஏற்றது. கட்டைகளில் இரண்டைக் கழற்றிவிட்டு ஐந்து சுரம் மட்டும் வைத்தால் பிள்ளை எதைத் தட்டினாலும் தப்பாகக் கேட்காது. நல்ல தந்திரம், வேலையும் செய்கிறது. நான் ஓர்ஃப் முறையைக் குறை சொல்ல வரவில்லை. பள்ளி இசையைப் பயத்திலிருந்து விடுவித்தது அது. ஆனால் அந்த 'ஆதி = எளிமை' என்ற சமன்பாடு இருக்கிறதே, அதுதான் பின்னால் தொல்லை கொடுத்தது. ஆப்பிரிக்க முழவு மேற்கத்தியப் பள்ளிக்குள் முதலில் நுழைந்தது இந்தக் கதவு வழியாகத்தான்: சுலபமானது, யாரும் அடிக்கலாம்.

யாரும் அடிக்கலாமா? ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சீராக எண்ணுங்கள், நிறுத்தாமல் திரும்பத் திரும்ப. 1, 3, 5, 6, 8, 10, 12 வரும்போது கை தட்டுங்கள். எவே மக்களின் 'அக்பாஜா' ஆட்டத்தில் கன்கோகுய் என்ற இரட்டை இரும்பு மணி அடிப்பது இதைத்தான். இது வந்துவிட்டதா? சரி, இப்போது 1, 4, 7, 10-இல் காலைத் தட்டுங்கள். கையும் காலும் 1-இலும் 10-இலும் மட்டுமே சேரும், மற்ற இடத்திலெல்லாம் ஒன்றையொன்று தாண்டிப் போகும். இதற்கு மேல் சுரைக்குடுவைக்கு ஒரு வேலை, காகன் என்ற ஒல்லி முழவுக்கு ஒன்று, கிடிக்கு ஒன்று. எல்லோருக்கும் மேலே தலைமை முழவு, அதற்கு மேலே பாட்டு, ஆட்டம். எது ஆதி, எது எளிமை?

இந்த மணி அடியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பன்னிரண்டில் ஏழு இடம், அதுவும் 2-2-1-2-2-2-1 என்ற இடைவெளியில். பன்னிரண்டு சுரத்தானங்களில் சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள் உட்கார்ந்திருப்பதும் இதே இடைவெளியில்தான். பியானோவின் வெள்ளைக் கட்டைகளும் அப்படியே. அடி விழும் இடம் வெள்ளை, விழாத இடம் கறுப்பு என்று வைத்தால் அச்சிமோட்டாவின் சின்னமே வந்துவிடும். அக்ரே அதை நினைத்துச் சொல்லியிருக்க வழியில்லை, ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது.

கானாவின் கொட்டைக் காகிதத்தில் பிடிக்கவே பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். ஏ. எம். ஜோன்ஸ் என்ற ஆங்கில மிஷனரி (ஆமாம், மிஷனரிதான், இவர் வேறு மாதிரி) லண்டனில் டெஸ்மண்ட் டே என்ற எவே முழவு வல்லுநரை உட்கார வைத்து, ஒரு இயந்திரம் செய்தார். உலோகக் குச்சியால் தகட்டைத் தட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் காகிதப் பட்டையில் கோடு விழும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டினால் யார் எங்கே விழுகிறார் என்று அளந்து பார்க்கலாம். அப்படி அளந்து எழுதியது 1959-இல் இரண்டு தொகுதியாக வந்தது. பிறகு 1962-இல் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹார்லண்ட் என்பவர் கட்டம் போட்டு எழுதும் முறையைக் கொண்டுவந்தார். கட்டத்தில் புள்ளி இருந்தால் அடி, இல்லையென்றால் மௌனம். கணக்கு நோட்டில் போடுகிற கட்டம் மாதிரியே. இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான்.

யுசிஎல்ஏ பேர் வந்ததால் ஒரு கிளைக்கதை. அங்கே மேன்டில் ஹூட் என்பவர், ஓர் இசையைப் பற்றி எழுத வேண்டுமானால் அதை வாசிக்கவும் கற்க வேண்டும் என்று சொல்லி, ஆய்வாளர்களைக் கையில் வாத்தியத்தோடு உட்கார வைத்தார். அவருடைய மாணவர் ராபர்ட் பிரவுன், சென்னைக்கு வந்து மிருதங்கம் படித்து, மிருதங்கத்தைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதியவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 'வேர்ல்ட் மியூசிக்' என்ற பெயரைப் பாடத்துறைக்கு வைத்ததும் அவர்தான். அங்கே மிருதங்கத்துக்குத் தஞ்சாவூர் ரங்கநாதன் இருந்தார், 1969-இலிருந்து கானா கொட்டுக்கு ஏபிரகாம் அட்ஜென்யா இருந்தார். ஒரே கட்டடத்தில் ஒரு அறையில் தகதிமி, இன்னொரு அறையில் எவே முழவின் வாய்ச்சொல். இரண்டு மரபிலும் முழவு முதலில் வாயில்தான் பிறக்கிறது.

வாய்ச்சொல் என்றதும் பாபாதுன்டே ஒலாதுன்ஜியைச் சொல்லாமல் போக முடியாது. கானாக்காரர் இல்லை, நைஜீரியாக்காரர். 1950-இல் படிக்க அமெரிக்கா வந்தவர். 'டிரம்ஸ் ஆஃப் பேஷன்' இசைத்தட்டு 1960-இல் வெளியாகிப் பெரிய விற்பனை. ஆனால் அதைவிட முக்கியம், அவர் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு அடித்துக் காட்டியது. முழவின் நடுவில் அடித்தால் 'குன்', 'டுன்', ஓரத்தில் 'கோ', 'டோ', சுள்ளென்று அறைந்தால் 'பா', 'தா'. ஆறு சொல், வலது இடது கைக்குப் பிரித்து. நியூயார்க்கின் ஹார்லெமில் அவர் நடத்திய பண்பாட்டு மையத்தில் அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குழந்தைகள் கற்றார்கள். ஜான் கோல்ட்ரேனின் கடைசிக் காலக் கச்சேரிப் பதிவு, 1967 ஏப்ரலில், அந்த மையத்தில் வாசித்ததுதான். அந்தக் குழந்தைகளுக்கு இது 'உலகப் பண்பாட்டு அறிமுகம்' இல்லை. அடிமைக் கப்பலில் தொலைந்துபோன ஒன்றைத் திரும்ப எடுப்பது.

1967-இல் மாசசூசெட்ஸின் டாங்கிள்வுட்டில் அமெரிக்க இசை ஆசிரியர்கள் கூடி, எல்லாக் காலத்து, எல்லாப் பண்பாட்டு இசையும் பள்ளிப் பாடத்துக்கு உரியது என்று அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. வாத்தியம் இல்லை, சொல்லித் தர ஆள் இல்லை. 1990-களில் வில் ஷ்மிட் என்ற விஸ்கான்சின் பேராசிரியர், கானாவின் கொட்டையும் கரீபியக் கொட்டையும் எடுத்து நடுநிலைப் பள்ளிக்கு ஏற்ற ஒரு பாடத்திட்டமாக ஆக்கினார். கூட்டமாக அடிப்பது, கேட்டுப் பதில் சொல்வது, அடித்துக்கொண்டே பாடுவது மூன்றும்தான் அதன் எலும்புக்கூடு. ரீமோ நிறுவனம் உட்கார்ந்து அடிக்க வாகாக, அடியில் காலுள்ள, செயற்கைத் தோல் போட்ட முழவு செய்தது. மரமும் தோலும் போய் பிளாஸ்டிக். முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கென்னமோ இது பெரிய குற்றமாகப் படவில்லை. முப்பது பிள்ளைகள், முக்கால் மணி நேர வகுப்பு, மழைக்காலத்தில் தோல் தொய்ந்தால் யார் காயவைப்பது?

நான் முகம் சுளிப்பது வேறு இடத்தில். ஒன்று, ஆட்டம் கழன்றுவிட்டது. கானாவில் கொட்டும் ஆட்டமும் இரண்டு இல்லை. தலைமை முழவுக்காரர் ஆடுகிறவரின் காலைப் பார்த்து அடிப்பார். வகுப்பில் வட்டமாக நாற்காலி போட்டதும் அது போச்சு. இன்னொன்று, 'பழங்காலப் பாரம்பரியம்' என்று ஒரு லேபிள். பள்ளிகளில் அதிகம் சொல்லித்தரப்படும் 'பான்லோகோ' (மணி அடி பதினாறில் 1, 4, 7, 11, 13, கியூபாவின் கிளாவே தாளமும் அதுவே) அக்ராவின் கா இன இளவட்டங்கள் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அன்றைக்கு அது ஆபாசம் என்று பெரியவர்களும் அதிகாரிகளும் எதிர்த்தார்கள். 'கஹு'வோ நைஜீரியக் கரையின் படாக்ரிப் பக்கத்திலிருந்து எவே மீனவர்கள் இருபதாம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. பாரம்பரியம்தான், ஆனால் எம்.ஜி.ஆர். படங்களின் வயதுதான். 'ஃபங்கா அலாஃபியா' என்று ஒரு பாட்டு, மேற்கு ஆப்பிரிக்க வரவேற்புப் பாட்டு என்று அமெரிக்கப் பள்ளியெல்லாம் பாடும். மெட்டு 'லில் லைசா ஜேன்' என்ற பழைய அமெரிக்கப் பாட்டின் மெட்டு. ஹார்லெமின் நடனப் பள்ளி ஒன்றில்தான் அது உருவானது என்று அங்குள்ள கறுப்பின நடனக்காரர்கள் சொல்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுத்தால் பாடம் இன்னும் சுவாரசியமாகத்தானே இருக்கும்? புலம்பெயர்ந்த ஒரு சமூகம் தனக்கென்று ஒரு வரவேற்பைத் தானே செய்துகொண்ட கதை அது.

சரி, கானாவின் சொந்தப் பள்ளிகளில் என்ன ஆயிற்று? 1987 கல்விச் சீர்திருத்தத்தில் பண்பாட்டுக் கல்வி என்று ஒரு பாடம் வந்தது, இசை அதற்குள் ஒடுங்கியது. பள்ளிகளுக்கு இடையே கொட்டு, ஆட்டம், பாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. கேத்தி கோ என்ற மானிடவியலாளர் 2005-இல் வெளியிட்ட புத்தகம் இதைப் பற்றியது. அவர் தங்கி ஆய்வு செய்தது அதே அக்ரோபாங் வட்டாரத்தில். அங்கே ஆசிரியர்களுக்கு இரட்டைச் சங்கடம். கொட்டு, வழிபாட்டுச் சடங்கு எல்லாம் ஊர்ப் பெரியவர்களின் அறிவு, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற விஷயம் இல்லை. அரசாங்கமோ அதை வகுப்பில் பாடமாக நடத்தச் சொல்கிறது. இன்னொரு பக்கம், பெந்தெகோஸ்தே சபையைச் சேர்ந்த ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதெல்லாம் பேய் வழிபாடோ என்ற பயம்.

அக்ராவில் கதை இன்னும் தலைகீழ். கா மக்களின் ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னால் சுமார் ஒரு மாதம் ஊரில் கொட்டுச் சத்தமே கூடாது என்பது பழைய வழக்கம். 1998-இலிருந்து இதை வைத்துப் பல முறை கைகலப்பு நடந்திருக்கிறது. கொட்டை நிறுத்து என்று கேட்பவர்கள் பாரம்பரியத் தலைவர்கள். நிறுத்த மாட்டோம், எங்கள் ஆராதனையில் கொட்டு வேண்டும் என்கிறவர்கள் புதிய கிறிஸ்தவ சபைகள்.

அமு 1995 வரை இருந்தார். 1929-இல் அவர் எழுதிய 'யென் ஆரா அசாசே நி', பெஹோவின் தேசிய கீதத்துக்கு இணையாக, அரசு விழாக்களிலும் பள்ளிகளிலும் இன்றும் பாடப்படுகிறது.